ஆவி பிடித்த மத்தியானம்

1

இந்தக் கதை ஒரு கடைக்காரனின் தொல்லையில் பிறந்தது. கனடாவில், காசில்கர் என்ற சிற்றூரில் என் பக்கத்து வீட்டுக்காரி லூஷா, கஞ்சாப்பூவைக் கொளுத்தாமல் சூடுகாட்டி ஆவியாக இழுக்கிற கருவி ஒன்றை வாங்கியிருந்தாள். 'புதுக் கருவி எப்படி? உங்கள் முதல் அனுபவத்தை எழுதுங்கள்' என்று கடையிலிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல்.

"நீதானே எழுதறவ. நாலு வரி எழுதிக் குடு. அப்பவாவது விடறானுங்களா பாப்போம்," என்றாள்.

எழுதினேன். கைக்கு அடக்கமானது. சீக்கிரம் சூடாகிறது. நாற்றம் குறைவு. வாங்கியவர்

(வாங்கியவர் என்ன? அங்கேயே நின்றுவிட்டது.)

2

முதலில் லூஷாவின் கணவன் வால்டரிடமிருந்து தொடங்கினேன். 'மர ஆலையில் தேய்ந்த உடம்பு அது' என்று. அடித்துவிட்டேன். அவன் தன் உடம்பைப் பற்றி யாரையும் பேச விட்டதில்லை.

லூஷாவிடமிருந்தே தொடங்குகிறேன். ரஷ்யாவிலிருந்து கனடாவுக்கு வந்து குடியேறிய, டூகபோர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அவளுடையது. கறி கிடையாது, சாராயம் கிடையாது, புகை கிடையவே கிடையாது. கட்டிக்கொண்டதோ கஞ்சாவைச் சுருட்டி ஊதுகிறவனை! வீட்டுக்குள் ஊதக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பனி கொட்டினாலும் அவன் கொல்லைப்புறக் கொட்டகையில்தான் ஊதினான். அதற்காகவே இருவரும் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டார்கள்.

வால்டருக்கு வயிற்றில் புற்று வந்தது. பிறகு நுரையீரலுக்கும் போனது. மருந்து ஏற ஏற, ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. கஞ்சா எடுத்தால் பசிக்கலாம், ஆனால் புகை வேண்டாம் என்றார் டாக்டர். ஜென்மத்தில் மிதிக்காத கஞ்சாக் கடைக்கு லூஷாவே போனாள்.

3

முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்த வால்டர், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன இது, டார்ச் லைட்டா?"

"வாய வச்சு இழு மனுஷா."

பூவை உதிர்த்துக் குழிக்குள் நிரப்பியது லூஷாதான். விளக்கு பச்சையானதும் இழுத்தான். விட்டான். ஒன்றுமே தெரியவில்லை.

"ஏமாத்திட்டான் லூஷா. புகையே காணோம்."

"புகை வேணாம்னுதானே வாங்கினது!"

"சோளப்பொரி கருகின மாதிரி ருசி." மறுபடி இழுத்தான். இந்தமுறை வாயோரம் வெள்ளையாக ஏதோ எழுந்து கரைந்தது. "வீட்டுக்குள்ளயே ஊதறேன் பாத்தியா? உங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வரப்போறா."

"வரட்டும். அவளுக்கும் ஒரு இழுப்பு குடு."

அவன் சிரித்தான். இருமல் வரவில்லை.

(இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். கதைக்கு ரொம்பவும் வசதியாக இருக்கிறது. ஆனால் லூஷா அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னாள்.)

கொஞ்ச நேரம் கழித்து, "போர்ஷ்ட் இருக்கா?" என்று கேட்டான். அவன் சாப்பிட எதையாவது கேட்டே எவ்வளவோ நாளாயிற்று. முட்டைக்கோசும் க்ரீமும் போட்ட சூப்பை ஓடிப்போய்ச் சூடுபண்ணி வந்து ஊட்டினாள். கிண்ணம் காலி.

"நீ மேல போய்ப் படு. மூஞ்சியப் பாரு, நீதான் நோயாளி மாதிரி இருக்க."

"ஏதாவது வேணும்னா?"

"கூப்பிடறேன். கத்தறதுக்கு இப்ப தெம்பு இருக்கு."

4

அவன் நோயில் விழுந்ததிலிருந்து காதைத் திறந்துவைத்தபடியே கண்ணை மூடியவள், அன்றைக்கு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். விழித்தபோது ஜன்னலில் வெயில் இல்லை. கீழே வந்தாள். வால்டர் போய்விட்டிருந்தான். போர்வை தரையில் கிடந்தது.

(போர்வையை விட்டுவிடலாமா? நோயாளியின் போர்வை நழுவுவது சாதாரணம். அவள் இன்னும் அதைத் துவைக்கவில்லை.)

5

ஒரு முடிவு: தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டான். டாக்டர் அப்படித்தான் சொன்னார். டாக்டர் அங்கே இருக்கவில்லை.

இன்னொரு முடிவு: அவன் கூப்பிட்டான். முதலில் சாதாரணமாக. பிறகு கையூன்றி எழுந்திருக்கப் பார்த்து, மாடிப்படியை நோக்கி

இதை நான் முடிக்கமாட்டேன்.

இதுவரை எழுதியதை லூஷாவுக்குப் படித்துக்காட்டினேன். கடைசி வாக்கியம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் கூப்பிடலன்னு எழுது."

"லூஷா…"

"கதைதானே? எழுதேன். உனக்கு என்ன குறைஞ்சுடப் போவுது?"

அவள் கண்ணெதிரிலேயே எழுதினேன்: வால்டர் கூப்பிடவில்லை.

காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். விரலால் அந்த வரியைத் தடவினாள். பிறகு தலைநிமிர்ந்து, சின்னக் குரலில் கேட்டாள்:

"உனக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு அப்புறம் எனக்கு வரி வரவில்லை. உங்களுக்கு வந்தால் அவளிடம் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.