உள்ளே விட்டுவந்த சும்மாடு

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யுத்த காலத்துக் காகிதம் ஒன்றில் பார்த்த வரி. எங்கே பார்த்தேன் என்று கேட்காதீர்கள், கதை எழுதுகிறவளின் ஞாபகத்தை நம்பக் கூடாது. பாய்லர்களை வருடத்துக்கு ஒருமுறை திறந்து சோதிக்க வேண்டும் என்றிருந்த கெடு, இனிப் பதினெட்டு மாதம். சோதிக்கும் அதிகாரிகள் போதவில்லை, மில்கள் ஒருநாளும் நிற்கக் கூடாது. காரணம் நியாயமாகத்தான் இருந்தது.

மடித்து வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். கஞ்சி வடியும்போது தோன்றியது: அந்த ஆறு மாதத்தைத் தாங்க முடியாத ஒருவர் எங்காவது இருந்திருப்பாரா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தேனியில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் மில் ஒன்றின் முதலாளி, பேராசைக்காரர், அவருடைய—"

அடித்துவிட்டேன். முதலாளியைக் கெட்டவராக்கினால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்த முயற்சி: "பயர்மேன் ஒச்சாண்டி உலை வாயின் முன்னால் நின்றார். நெருப்பின் வெளிச்சத்தில் அவர் முகம்—"

இதுவும் சரிவரவில்லை. ஒச்சாண்டி நல்ல மனிதர், பதினாலு வருடம் அந்த உலைக்கு விறகு போட்டவர். ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாய்லரின் வெளிப்பக்கம். உள்ளே போனவர் யார்?

ஒச்சாண்டியின் மனைவி பவுனு.

[பெண்ணை பாய்லருக்குள் இறக்குவார்களா? நான் பார்த்த காகிதங்களில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஆள் நுழையும் துவாரம் ஒன்றேகால் அடிதான். அதில் யாருடைய தோள் நுழைந்ததோ அவரை இறக்கியிருப்பார்கள். அவர் பெயர் எந்தக் காகிதத்தில் வரப்போகிறது?]

3

சோதனைக்கு மூன்று நாள் முன்பே உலையை அணைத்து, தண்ணீரை இறக்கி, ஆறவிடுவார்கள். பிறகு பவுனு உள்ளே போவாள். வருடம் முழுக்கக் கொதித்த தண்ணீர் இரும்பின்மேல் விட்டுப்போன வெள்ளைப் பொருக்கைச் சுத்தியலால் தட்டி எடுப்பது அவள் வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அவள் நுழையும்போது ஃபிட்டர் அய்யாத்துரை துவாரத்தருகே குனிந்து உரக்கச் சொல்வார்: "சுத்தியல் ஒண்ணு, சுரண்டி ஒண்ணு, வெளக்கு ஒண்ணு." வெளியே வந்ததும் அதே மூன்றையும் மறுபடி சொல்லி வாங்கிக்கொள்வார். உள்ளே ஓர் ஆணிகூடத் தங்கிவிடக் கூடாது.

அந்த வருடம் முட்டி வலித்தது. குடம் தூக்கும்போது தலையில் வைக்கும் சும்மாட்டை, தன் கிழிந்த சேலைத் துணியில் சுற்றியதை, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். வெளியே வந்தபோது மூச்சு முட்டி, கண் இருட்டியது. அய்யாத்துரை மூன்று சாமான்களையும் சரிபார்த்தார். சரியாக இருந்தது. சும்மாடு சாமான் இல்லையே.

அதிகாரி வந்தார், துவாரத்தில் விளக்கை நீட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மூடினார்கள். அன்று சாயங்காலம் கிணற்றடியில் குடத்தைத் தூக்கும்போது அவள் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

அதற்குள் பாய்லரில் தண்ணீர் ஏற்றியாகிவிட்டது.

சொல்லியிருக்கலாம். இங்கேதான் அவளோடு நான் நீண்டநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் பயந்தவள் இல்லை. உள்ளே போகிற ஒரே ஆள் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. ஊரில் எந்த ஆணும் பார்க்காத இடத்தை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கர்வம்தான் வாயை அடைத்தது. அடுத்த வருடமும் தான்தானே இறங்கப்போகிறோம், எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். பன்னிரண்டு மாதம். எண்ணத் தொடங்கினாள்.*

* ஒரு வருடம் முழுக்கக் கொதிநீரில் ஒரு துணி கிடக்குமா, கரைந்துபோகாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. அய்யாத்துரையைக் கேட்டால் சொல்வார். ஆனால் பவுனுவால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. கேட்ட மறுநிமிடம் அவர் "ஏன் கேக்குற?" என்பார்.

4

பதினோராம் மாதம், ஒரு மத்தியானம். ஒச்சாண்டி சாப்பிட உட்கார்ந்தார்.

"இந்த வருசம் தொறக்க மாட்டாகளாம், புள்ள. ஆறு மாசம் தள்ளிப்போட்டு உத்தரவு வந்துருக்கு. ஒனக்கு யோகந்தேன். பூனையாட்டம் நுழைய வேணாம்."

"யாரு சொன்னாக?"

"மேனேசர்தேன் சொன்னாக. ஏன், உள்ள போகாட்டி ஒனக்குத் தூக்கம் வராதோ?"

அவள் குழம்பை ஊற்றினாள். அவர் பிசைந்தபடியே சொன்னார்: "அந்தத் தண்ணி காட்டுற கண்ணாடிக் குழாதேன் மக்கர் பண்ணுது. வடிச்சுவிட்டு மூடுனா விசுக்குனு ஏறணும். ரெண்டு நாளா நொண்டிக்கிட்டு ஏறுது."

"எதுனால?"

"பொருக்கு அடைச்சிருக்கும். இல்ல, என்னமும் கெடக்கும்."

[இந்த இடத்தில் என் பேனா நின்றது. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒச்சாண்டிக்குக் காட்டுவது அந்தக் கண்ணாடிக் குழாய் மட்டும்தான். அது பொய் சொன்னால் அவர் வெற்று இரும்புக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருப்பார். பவுனுவுக்கு இது தெரியும். பதினாலு வருடம் அவரோடு சோறு தின்றவள்.]

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் பாய்லர் வெடித்தது. கிழித்துவிட்டேன். அவளுக்குப் பாடம் புகட்ட நூறு பேரைக் கொல்ல நான் யார்?

இன்னொன்றில் ஆறு மாதமும் ஒன்றும் நடக்கவில்லை. திறந்தார்கள், துணி கரைந்துபோயிருந்தது. கண்ணாடிக் குழாயை அடைத்தது வெறும் பொருக்கு. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த ஆறு மாதமும் அவள் மில்லின் ஒவ்வொரு சங்கொலிக்கும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அது முழுதாக ஊதி முடிக்கும்வரை நின்றதை யார் எழுதுவது? எழுதிப் பார்த்தேன். நாலு சங்குக்கு மேல் என்னால்—

மூன்றாவது கீழே இருக்கிறது.

6

மறுநாள் அவள் சோற்றுச் சட்டியைத் தலையில் வைத்து மில்லுக்குப் போனாள். முற்றத்தில் பஞ்சு பொறுக்கும் பாண்டியம்மாள் கூப்பிட்டாள்: "என்னத்தா, அந்த இரும்புப் பானைகிட்டக் கோச்சுக்கிட்டியாம்ல? இந்த வருசம் ஒன்னய உள்ள கூப்புடலையாமே!"

"நான் கூப்புட வந்திருக்கேன்," என்றாள் பவுனு.

பருத்தி வரத்து உச்சத்தில் இருந்த மாதம். மூன்று நாள் உலை அணைந்தால் முற்றத்தில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் வேலை இல்லை. பயர்மேன் பொண்டாட்டி செய்த காரியம் என்று கம்பம்வரை பேசுவார்கள். இனி யாரும் அவளை உள்ளே இறக்க மாட்டார்கள். இதையெல்லாம் அவள் வழியெங்கும் எண்ணிக்கொண்டுதான் வந்தாள்.

ஒச்சாண்டி உலையைத் திறந்து, விறகுக் கட்டை ஒன்றைக் கையில் எடுத்திருந்தார்.

"அங்கன வச்சுட்டுப் போ புள்ள."

அவள் சட்டியை இறக்கினாள். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து நீட்டினாள்.

"மச்சான், இதாட்டம் ஒண்ணு உள்ள கெடக்கு. போன வருசம் நாந்தேன் விட்டுட்டு வந்தேன்."

அவர் சும்மாட்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். தண்ணீர் பாதியில் நின்றது, எப்போதும்போல.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவள் சொன்னாள் என்பதை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். அதை எழுத எனக்கு மூன்று வரைவு ஆனது, அவளுக்குப் பதினோரு மாதம்.

உலை வாய் திறந்திருக்கிறது. ஒச்சாண்டியின் கையில் இன்னும் அந்தக் கட்டை இருக்கிறது. அதை அவர் எங்கே போடுகிறார் என்று நீங்கள் சொல்லுங்கள்.