சத்தியம் செய்யாதவர்கள்

"சூடம் அடிச்சுப்போட்டு வந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பழனியாத்தாள் அடுப்பை விட்டு எழுந்தாள்.

புருஷன் அங்கப்பன் மடியிலிருந்து சூடத்தை எடுத்து அவள் முன்னால் போட்டான். சாயந்திரம் அவள் வாங்கிக் கொடுத்தனுப்பிய அதே கட்டி, காகிதம்கூடப் பிரியவில்லை.

"ஏனுங்க, என்னுங்க இது?"

"நம்மாளுகளுக்கு வேண்டாமாம் புள்ள. கோயிலுக்குள்ள வெச்சு அடிக்கறாங்க. நாங்க மதிலுக்கு வெளியே ரோட்டுல நின்னோம். உள்ளே கைதட்டுன சத்தம் கேட்டுது. நாங்களும் தட்டிப்போட்டு வந்துட்டோம்."

பழனியாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காங்கிரஸ் மந்திரிசபை வந்த வருஷம் அது. சூலூர் ரோட்டு மில்லில், இனி ஒரு ஆள் இரண்டு மெஷின் பார்க்க வேண்டும், மிஞ்சுகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை முதல் வேலைநிறுத்தம் என்றது சங்கம். சங்கத்துக் காரியதரிசி பாலுசாமி மேடை ஏறினால், தொழிலாளிக்குச் சாதி கிடையாது என்று தொண்டை கிழிய முழங்குவார். கையெழுத்தில் மட்டும் அவருக்கு நம்பிக்கை இல்லை. மாரியம்மன் சன்னிதியில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, வேலைக்குப் போவதில்லை என்று சத்தியம் செய்தவனே சங்கத்து ஆள் என்று தீர்மானம் போட்டார். தொழிலாளிக்குச் சாதி கிடையாது, மாரியம்மனுக்கு இருந்தது. அதற்குச் சங்கம் என்ன செய்யும், பாவம்!

பஞ்சு அடிக்கிற அறையில் தூசி தின்னும் அங்கப்பனும், கழிவுப் பஞ்சு பொறுக்கும் பழனியாத்தாளும், ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் வளவு மொத்தமும் இப்படித்தான் சங்கத்துக்கு வெளியே ஆனார்கள். சங்கத்தில் இல்லாதவனுக்காகச் சங்கம் பேசாது. ஆள் குறைக்கும்போது முதல் சீட்டுக் கிழிவது அவனுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மில் மேஸ்திரி வெங்கடபதி வளவுக்கே வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் கால் அந்தப் பக்கம் பட்டதில்லை. வளவு முகப்பு வேப்பமரத்தோடு நின்றுகொண்டு, துண்டால் மூக்கைப் பொத்தியபடியே தேனாகப் பேசினார்.

"நீங்க ஒண்ணும் சத்தியம் பண்ணலியே? நாளைக்கு வந்து வேலையைப் பாருங்க. உங்க யாரையும் நிறுத்தறதில்லைன்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு. உங்களை ஆரு குத்தம் சொல்ல முடியும்?"

வாஸ்தவம். யாரும் சொல்ல முடியாது.

"போயிரலாமா புள்ள? சங்கத்துக்காரங்க நம்மளை அவங்க ஆளுன்னே நெனைக்கலியே" என்றான் அங்கப்பன்.

"நெனைக்காட்டிப் போறாங்க. நாளைக்கு உள்ள போனமுன்னா, அவங்க நெனைச்சதுதான் நெசமுன்னு ஆயிருமுங்க."

திங்கட்கிழமை சங்கு ஊதியது. சத்தியம் செய்தவர்கள் மில் கேட்டுக்குப் பக்கத்தில் பந்தலுக்குள் உட்கார்ந்தார்கள். வளவுக்காரர்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றார்கள். புதன்கிழமை வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

வியாழக்கிழமை முதலாளிக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. கோயிலுக்கு ஒரு வண்டி தேங்காய் அனுப்பினார். வண்டி வந்த கையோடு பூசாரிக்கு அருள் வந்தது. பசியில் செய்த சத்தியம் செல்லாதாம். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு தேங்காய் உடைத்தால் அவிழ்ந்துவிடுமாம். ஈர வேட்டியோடு சங்கம் கோயிலிலிருந்து நேரே மில்லுக்குள் நுழைந்தது. உள்ளே போனவர்களை ஒற்றுமையாக வைத்திருக்க ஆள் வேண்டுமே என்று காரியதரிசியும் கடைசியாகப் போனார். பொறுப்பில் இருப்பவர் அல்லவா, அவர் இரண்டு தேங்காய் உடைத்தார்.

எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்குத் தேங்காய் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவிழ்ப்பதற்கு அவர்களிடம் சத்தியம் ஏது?

அடுத்த வாரம் ஆளைக் குறைத்தார்கள். பட்டியலில் இருந்தது அத்தனையும் வளவுப் பெயர்கள். சங்கம் கூடி, சத்தியத்துக்குக் கட்டுப்படாத சிலரால் வேலைநிறுத்தம் முறிந்தது என்று வருத்தம் தெரிவித்தது.

அதற்கடுத்த நாள் விடியற்காலையில், தன் முறைக்கு மில்லுக்குப் போகும் வழியில், பாலுசாமி வேப்பமரத்தடியில் வந்து நின்று பழனியாத்தாளைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவை உங்களையும் சங்கத்துல சேத்துக்கறோம். கோயில் மதிலுக்கு வெளியே தனியா ஒரு தட்டு வெக்கச் சொல்லிப்போட்டேன். உங்காளுகளும் சூடம் அடிக்கலாம்" என்றார், வரம் கொடுக்கிற முகத்தோடு.

அவள் உள்ளே போய் அந்தச் சூடத்தை எடுத்து வந்தாள். காகிதத்துக்குள்ளேயே கரைந்து கொஞ்சம் சிறுத்திருந்தது. அவள் கையிலிருந்து அவர் வாங்கமாட்டார் என்று தெரியும். மரத்தடிக் கல்லின்மேல் வைத்தாள்.

"இதை நீங்களே கொண்டு போங்க. எங்களுக்கு வேண்டாமுங்க. அடிக்காமயே நின்னவங்கதானுங்களே நாங்க."

காரியதரிசி சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டு நுனியால் அதை எடுத்து முடிந்துகொண்டு நடந்தார். சங்கத்துக்கு ஒரு கட்டிச் சூடம் மிச்சம்.

மில் சங்கு ஊதியது.

"ஏனுங்க, எந்திரிங்க. இன்னைக்கும் கேட்டுக்கு எதிர்ல போய் நிக்கோணும், நேரமாச்சு" என்று பழனியாத்தாள் புருஷனைக் கூப்பிட்டாள். வளவு மொத்தமும் அவர்களுக்குப் பின்னால் கிளம்பியது.