போன வாரத்துக் காலை உணவுச் சீட்டு

மேசைக்கு இந்தப் பக்கம் பயணப்படி எழுத்தர், எதிரே உதவியாளரின் மனைவி, சன்னலோரம் எம்.எல்.ஏ. உட்கார்ந்திருந்தார்கள். எம்.எல்.ஏ.வோடு அரசுமுறைப் பயணம் போன உதவியாளர் அங்கேயே மாரடைப்பில் இறந்து, அடக்கமாகி மூன்று மாதம் ஆகிறது. செலவைத் திருப்பித் தர ஓட்டல் அனுப்பிய சீட்டுகளைச் சரிபார்த்த எழுத்தர் ஒன்றை மட்டும் எடுத்து இருவர் முன்னும் வைத்தார். போன வாரத் தேதியிட்ட அந்தக் காலை உணவுச் சீட்டிலும் இறந்தவரின் கையெழுத்து இருந்தது.

"நான்தானே மண்ணு தள்ளினேன், தங்கச்சி," என்றார் எம்.எல்.ஏ.

"நான் பாக்கலையேண்ணே. சார், பணம் கிடக்கட்டும், அவர் அங்க இருக்காரான்னு கேட்டு எழுதுங்க."

"செத்தவனுக்குத் தபாலா? நல்லாருக்குய்யா உங்க ஆபீசு!"

எழுத்தர் 'சாப்பிட்டவர் நேரில் வந்து உறுதி செய்யவும்' என்று விதிப்படி எழுதி, சீட்டிலிருந்த ஓட்டல் அறை எண்ணையே முகவரியாக்கி, உறையை ஒட்டி அனுப்பினார்.