கோவில் குளத்துப் பிள்ளைகள்

"உங்க ஊர்ல ஆளுகள் எத்தனை வயசு வரை இருப்பாங்க, மோளே?"

திருவனந்தபுரத்திலிருந்து வந்த உத்தியோகஸ்தர் கேட்டார். ஆயுள் இன்ஷுரன்ஸுக்காக, எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அவ பேசமாட்டா. நாலாங்கிளாசோட நின்னாச்சு," என்றார் அப்பா. ஊர்ப் பதிவுகளை வைத்திருக்கும் குளத்தூர் பகுதிக் கச்சேரி அலுவலகத்தில் அவர் எழுத்தர். "ஆனா எழுத்து முத்தாக்கும்."

"அப்போ இவளே பகர்த்தட்டும்."

பத்து வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவை எட்டு நாளில் நகலெடுத்தேன். எனக்கென்று ஒளித்து வைத்திருந்த நோட்டிலும் எழுதினேன். அதில் மட்டும், எந்த வீட்டார் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று சேர்த்தேன். கோவில் குளத்தில் எடுக்கும் எங்கள் ஆட்களின் வீடுகளில் நாற்பத்தொரு பிள்ளைகள் பிறந்து பதினேழு இறந்து போயிருந்தன. சாதியைச் சொல்லிக் குளத்தில் இறங்க விடாததால் கிணறு தோண்டிக்கொண்ட, என்னோடு படித்த மார்கிரெட் வீட்டுப் பக்கம் முப்பத்தெட்டில் ஐந்துதான். புண்ணிய தீர்த்தம் எப்படி இப்படிச் செய்யும்? நான்தான் தப்பாக எண்ணினேனோ? மூன்று முறை எண்ணினேன்.

'அடுத்தது யார் என்று இதில் தெரியுமா?' என்று துண்டுக் காகிதத்தில் எழுதி நகலோடு வைத்தேன்.

உத்தியோகஸ்தர் படித்துவிட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னார்: "ஆளைச் சொல்ல முடியாது மோளே. எங்கே கூடுதல்னு சொல்லலாம். ஏன்னு தேடினா, கொஞ்சம் பேரு பிழைப்பாங்க."

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா கோமளவல்லியின் குழந்தைக்கு அன்று நாற்பத்தொரு நாள். அவள் புகுந்த வீடு கோவில் குளத்தங்கரையில். மறுநாள் அழைத்துப் போக அத்தான் தாணு வண்டியோடு வந்தார். நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னட்டி இது, எமனோட கணக்கன் சித்திரபுத்திரன் ஏடா?" என்று சிரித்துக்கொண்டே புரட்டினார். தன் வீட்டுப் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. அங்கே இறந்தவர்கள் மூன்று பிள்ளைகள். மூவரும் அவர் அண்ணன் மக்கள்.

"அப்போ நாங்க மார்கிரெட் வீட்டுக் கிணத்துல போய்த் தண்ணி கோரணுமா?"

"தெரியாது அத்தான்."

"இது நெசமாக்கும்னு சொல்லுதியா?"

"அதுவும் தெரியாது. எண்ணினது மட்டும் சரி."

அக்கா குழந்தையைத் துணியில் சுற்றி, வண்டியில் ஏறத் தயாராக வந்து நின்றாள். அத்தான் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். குடையை எடுத்தார். கொண்டுவந்த வண்டி முற்றத்திலேயே நிற்க, அக்காவையும் குழந்தையையும் எங்கள் வீட்டிலேயே விட்டுத் தனியாக நடந்து போனார்.