கண்ணன் கன்னத்துக் கரி

தொண்ணூற்றொன்று, தை மாசம். சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்பதற்குள் பூங்கோதை குதித்துவிட்டாள். காத்திருந்த அம்மா செல்லம்மாளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கெடச்சிடுச்சும்மா! மியூசியத்துல பழைய படங்களக் காப்பாத்தற ஆராய்ச்சி. ரெண்டு வருசம் பெல்லோஷிப்பு!"

"இன்டர்வியூல அப்படி இன்னாடி கேட்டாங்கோ?"

மழுப்பியிருக்கலாம். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விளக்குப்புகையில் கறுத்த பழைய கண்ணன் படத்தைக் கொடுத்து, எதைக்கொண்டு துடைப்பாய் என்று கேட்டார்களாம். எம்.எஸ்ஸி.யில் படித்த ரசாயனம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பதற்றத்தில் பஞ்சை நாக்கில் தொட்டுக் கண்ணன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நீலம் பளிச்சென்று வந்தது. தொலைந்தோம் என்று நினைத்தபோது தேர்வுக்குழுப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாங்களும் மொதல்ல அதைத்தாம்மா செய்யறோம். அழுக்கக் கரைக்கிற சத்து எச்சில்லயே இருக்கு."

செல்லம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி! சாமி மூஞ்சில எச்சிலா? வூட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்திக்கினு, கற்பூரம் ஏத்திக் கன்னத்துல போட்டுக்கோ!"

பூங்கோதைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்காத. மூஞ்சில பஸ் கரி அப்பிக்கினு கீது பாரு" என்ற செல்லம்மாள், முந்தானை நுனியை நாக்கில் நனைத்து மகளின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள்.