மூட்டைக்குக் கொடுத்த தோள்

வெங்காயப்பேட்டையில் விடிந்ததிலிருந்து பதினாலு லாரிகள் நின்றும் ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. மண்டிக்குள் சினிமா ஷூட்டிங். மூட்டை தூக்கும் கூலியாகத் தொடங்கி, ஊரையே மிரட்டும் தாதாவாகிறவன் கதை. அந்தத் தாதாவிடம் உதை வாங்கும் அடியாளாகச் சுமைக்காரன் செபஸ்தியானை அவன் கோஷ்டி மேஸ்திரி இருளப்பனே பிடித்து நிறுத்தியிருந்தார். சும்மாவா? அவன் மூட்டையோடு நடந்தால் மலைக்கோட்டைப் பாறையே செத்த நேரம் ஆடி நிற்கும்.

“ஏலே செபஸ்தி, ஹீரோவைத் தொட்டுறாத. உடைஞ்சிருவாரு,” என்றார் இருளப்பன்.

முதலில் வைக்கோல் அடைத்த மூட்டைகளை அடுக்கினார்கள். ஹீரோ உதைத்ததும் அவை கொடைக்கானலுக்கே பறந்துவிடும் போலிருந்தன. டைரக்டருக்குப் பிடிக்கவில்லை, வெங்காய மூட்டைகளையே அடுக்கச் சொன்னார்.

“சரியுறப்போ இந்தப் பக்கமா விலகிடணும். புரியுதா?”

“விலகிர்றேன் சார். இதுல என்ன இருக்கு?”

மூட்டை தரையில் விழுந்து வெடித்தால் பழி பக்கத்தில் நின்ற சுமைக்காரனுக்குத்தான். இருபது வருஷமாக அவன் உடம்புக்கு, விழுகிற மூட்டையைத் தாங்குவது ஒன்றுதான் தெரியும். அடுக்கு சரிந்ததும், விலக வேண்டியவன் பாய்ந்து போய்த் தோளைக் கொடுத்தான். ஒரு மூட்டையைத் தாங்கியும் விட்டான். அதன்மேல் இன்னும் மூன்று வந்து விழுந்தன.

“என்னா நடிப்புய்யா!” டைரக்டர் கைதட்டினார். ஹீரோ அந்தத் தோளிலேயே கைபோட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

எலும்பு இரண்டாகப் போனது பெரியாஸ்பத்திரியில்தான் தெரிந்தது. படக் கம்பெனி அதற்குள் கொடைரோட்டைத் தாண்டியிருந்தது.

நாலு மாதத்தில் எலும்பு கூடியது; வலது கை மேலே ஏறவில்லை. இருளப்பன் செபஸ்தியான் வீட்டுக்கு வந்து, அவன் மனைவி ரோசலின் கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“பத்துப் பேரு கோஷ்டி தங்கச்சி. ஒருத்தன் நின்னுட்டா மத்தவன் முதுகு ஒடியுது. இவன் இடத்துல சேவியரைச் சேத்துட்டோம்.”

“நடிக்கப் போன்னு இவரத் தள்ளிவிட்டது யாருண்ணே?”

இருளப்பன் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்தார்.

படம் வந்த அன்று கோஷ்டி மொத்தமும் தியேட்டரில் இருந்தது. ரோசலின் திட்டத் திட்ட செபஸ்தியானும் போனான். அவன் விழுந்த காட்சியில் புழுதிதான் தெரிந்தது. புழுதிக்குள்ளிருந்து ஹீரோ நடந்து வந்தார்.

“என் சுமைக்காரன் சிந்துற ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் பதில் சொல்லணும்டா!”

கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல விசில். சேவியர் நாற்காலிமேல் ஏறி நின்றான். செபஸ்தியானுக்கும் உடம்பு சிலிர்த்தது. விசிலடிக்க வலது கையைத் தூக்கினான். அது நெஞ்சோடு நின்றுவிட்டது. இடது கை விரல்களை வாயில் வைத்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது.