ஹெப்சி நடந்த சுவர்

சுகிர்தத்துக்கு ஐம்பத்தாறு வயது. தம்பி மகள் ஹெப்சிக்கு நான்கு. மதுரையில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மாதத்தில், இருவருக்கும் காதுக்குள் கருவி வைத்தார்கள். போடியில் ஜவுளிக்கடை நடத்தும் சுகிர்தத்துக்குச் செவி பத்து வருஷமாக மங்கி மங்கி அடைத்துப்போயிருந்தது. ஹெப்சிக்குப் பிறவியிலேயே கேட்காது.

நாலாம் நாளே ஹெப்சி வார்டுக்குள் ஓடினாள். சுகிர்தத்துக்கோ எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. மூன்று மாதமாகியும் சுவரைப் பிடித்துத்தான் நடை. உள்ளே வைத்ததற்குச் சத்தத்தைக் கொண்டுபோகக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியைப் போட்டால் கரண்டிச் சத்தம்கூட மண்டைக்குள் இடித்தது. வீட்டில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தள்ளாடினாள்.

"ஒரே டாக்டரு, ஒரே மிசினு. அவளுக்கு மட்டும் எப்பிடி?" என்று கணவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்து வயிறெரிகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எரிச்சல் மட்டும் தணியவில்லை.

ஈஸ்டருக்குக் கோம்பையில் தம்பி வீட்டுக்குப் போனார்கள். தோட்டத்தின் கட்டைச் சுவர்மேல் ஹெப்சி கைகளை விரித்து நடந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கியவள் சுகிர்தத்தைப் போலவே ஆடி ஆடி நடந்து காட்டி, "அத்த... தொப்பு!" என்று சிரித்தாள். கருவி வைத்த பிறகு அவள் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு வார்த்தைகள் அவை. தம்பி பெண்டாட்டி ஜெபஷீலா பூரித்துப்போனாள். சுகிர்தமும் சிரித்துவைத்தாள்.

மற்றவர்கள் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனதும், பிள்ளையை அருகில் இழுத்து, அதன் காதிலிருந்த கருவியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இது இல்லாமல் நடக்கட்டும் பார்ப்போம் என்று நினைத்து, நட என்று சுவரைக் காட்டினாள்.

ஹெப்சி ஏறினாள். நாலாவது அடியில் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. விழுந்தாள். தாடை கிழிந்து ரத்தம். தூக்க ஓடிய சுகிர்தமும் இரண்டடியில் முழங்கால் குத்தி விழுந்தாள்.

அலறல் கேட்டு ஜெபஷீலா ஓடிவந்தாள். "காதுல மாட்டுனது எங்க மதினி? அவுந்து விழுந்துருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "நாந்தேன் கழட்டுனேன். விழட்டும்னுதேன்" என்றாள் சுகிர்தம்.

ஜெபஷீலா மகளைத் தூக்கிக்கொண்டாள். தாடையில் மூன்று தையல்.

அடுத்த வாரம் மதுரையில் சுகிர்தம் டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிதானமாகவே சொன்னாள்: "கேக்குற இடமும் உடம்ப நிமித்துற இடமும் காதுக்குள்ள பக்கத்துல பக்கத்துலதாம்மா இருக்கு. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலயே ரெண்டும் பலவீனம். கண்ணாலயும் இப்பக் கேக்குற சத்தத்தாலயும்தான் நிக்கிது. உங்களுக்கு அம்பது வருஷமா இருந்தது இந்த ஆபரேசனுக்கப்புறம் திடீர்னு தடுமாறுது. இந்த வயசுல உடம்பு மெதுவாத்தான் படிக்கும். நீங்க மிசினைக் கழட்டிப்போட்டுட்டு நடந்தா எப்படிம்மா?"

அன்றிலிருந்து கருவியை மாட்டிக்கொண்டே நடந்தாள். சத்தம் இடித்தது, பொறுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு யார் கையையும் பிடிக்காமல் கோயில் படியேறினாள்.

அங்கே வந்திருந்த ஜெபஷீலா அவளைப் பார்த்துக் கும்பிட்டாள், ஆனால் மகளைத் தன் மறுபக்கம் மாற்றி உட்காரவைத்தாள். அது நியாயந்தான் என்று பட்டது சுகிர்தத்துக்கு. பாட்டு முடிந்து ஹெப்சி வாசலுக்கு ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போனபோது, உள்ளே பழைய எரிச்சல் கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் எங்கே விழுந்துவிடுவாளோ என்று சுகிர்தத்தின் கை தானாக முன்னால் நீண்டிருந்தது.